பள்ளியைத் தொடர முடியாதவர் தொடங்கிய பள்ளி



ஒரு நாட்டின் மண்ணுக்கடியில் எண்ணெய் இருக்கிறது. அது யாருக்குச் சொந்தம்? அந்த மண்ணில் வாழ்பவருக்கா, அதை எடுக்கத் தெரிந்தவருக்கா? இக்கேள்வியோடு இத்தாலியக் கத்தோலிக்கரான என்ரிக்கோ மத்தேயியின் வாழ்வை இன்று நாம் நினைத்துப் பார்ப்போம்.

1906-ல் அக்வலாஞ்ஞா என்ற சிற்றூரில், காவல்படை வீரர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். படிப்பைத் தொடர முடியாமல் இளமையிலேயே தோல் பதனிடும் ஆலையில் எடுபிடியாகச் சேர்ந்தவர், சுமார் இருபது வயதில் அதன் பொறுப்பாளரானார். பின்னர் மிலானில் சொந்தமாக வேதிப்பொருள் தொழில் நடத்தினார். போர்க்காலத்தில் நாத்சிகளை எதிர்த்த கத்தோலிக்கப் படைகளை வழிநடத்தினார்.

போர் முடிந்த 1945-ல் அவருக்குக் கிடைத்த பணி விசித்திரமானது. முசோலினி காலத்து அரசு எண்ணெய் நிறுவனமான அஜிப்பை மூடிவிட வேண்டும். அவரோ மூடாமல் தோண்டச் சொன்னார்! போ ஆற்றுச் சமவெளியில் எரிவாயு கிடைத்தது. வட இத்தாலியின் ஆலைகள் அதனால் இயங்கின. அனுமதிக்குக் காத்திராமல் இரவோடு இரவாகக் குழாய் பதித்ததை அவரே பெருமையாகச் சொல்வாராம். 1953-ல் எனி என்ற தேசிய எரிசக்தி நிறுவனம் உருவாகி, அவர் தலைமையில் வளர்ந்தது. அதே காலத்தில் பிளாரன்ஸ் நகரில் பினியோனே ஆலை மூடப்படவிருந்தது. அந்நகர மேயர் ஜார்ஜோ லா பீரா (2018-ல் திருஅவை வணக்கத்துக்குரியவராக ஏற்றவர்) மன்றாடிக் கேட்க, மத்தேயி ஆலையை ஏற்று, தொழிலாளரைக் காத்தார்.

ஆனால் அவர் புனிதரல்லர். அரசியல் கட்சிகளுக்குப் பணம் கொடுத்துக் காரியம் சாதித்தார். அவற்றை வாடகைக் கார்போலப் பயன்படுத்துவதாகச் சொல்லவும் கூசவில்லை. நல்ல நோக்கம் இருந்தது என்று சொல்லி இதை நாம் நியாயப்படுத்த முடியாது.

அன்று பெரிய எண்ணெய் நிறுவனங்கள் எண்ணெய் தரும் நாடுகளோடு இலாபத்தைப் பாதிப்பாதியாகவே பகிர்ந்தன. 1957-ல் ஈரானோடு அவர் வேறுவிதமாக ஒப்பந்தம் செய்தார். இலாபத்தில் பாதி ஈரான் அரசுக்கு வரி. எஞ்சிய பாதியில் சரிபாதி, பங்காளியான ஈரானிய நிறுவனத்துக்கு. ஆக நூற்றுக்கு 75 ஈரானுக்கே சென்றது. பெரிய நிறுவனங்களின் கோபத்தைச் சொல்லவா வேண்டும்?

நம்மை அதிகம் தொடுவது அதே ஆண்டில் நடந்த இன்னொன்று. மிலானை அடுத்த சான் தொனாத்தோவில் எண்ணெய், எரிவாயு பற்றிய உயர்கல்விக்கூடம் ஒன்றை அவர் தொடங்கினார். இத்தாலியரோடு ஆசிய, ஆப்பிரிக்க இளைஞரும் அங்கே வந்து படித்தார்கள். பங்கு கொடுத்தால் பணம் போய்ச் சேரும். தொழிலைக் கற்றுக்கொடுத்தால் அடுத்த கிணற்றை அவர்களே தோண்டுவார்கள். தம் போட்டியாளரைத் தாமே பயிற்றுவிக்க எத்தனை முதலாளிகளுக்கு மனம் வரும்?

1962 அக்டோபர் 27 அன்று சிசிலியின் கல்யானோ என்ற ஏழை ஊரில் மக்களைச் சந்தித்தார். அங்கே எரிவாயு கிடைத்திருந்தது. வெளியூர் போன பிள்ளைகள் இனித் திரும்பலாம் என்று நம்பிக்கையூட்டினார். அன்று மாலை மிலான் திரும்பிய விமானம் பஸ்காபே அருகே விழுந்து, அவரும் உடன் வந்த இருவரும் இறந்தனர். முதலில் விபத்து என்றனர். 1990-களில் மீண்டும் நடந்த விசாரணையில், விமானத்தில் குண்டு வைக்கப்பட்டதாக அரசு வழக்கறிஞர் முடிவுக்கு வந்தார். வைத்தவர் யார் என்பது நிரூபிக்கப்படவில்லை. சான் தொனாத்தோ பள்ளிக்குப் பின்னர் அவர் பெயரையே சூட்டினார்கள்.