கேட்டு வந்தவரைத் திருப்பி அனுப்பாதீர்: சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) வாழ்வு தரும் பாடம்

 



பாளையங்கோட்டை ரஹ்மத் நகர்ப் பக்கம் போகும்போது சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரியைப் பார்த்திருப்பீர்கள். 1971-ல் தொடங்கிய கல்லூரி அது. உங்களில் பலர் அங்கே படித்திருப்பீர்கள். உங்கள் பிள்ளைகளையும் அங்கே சேர்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்கு உரிய பெரியார் யார் என்று வீட்டில் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தெரிகிறது?

நம் தாமிரபரணி புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கிறது. அதற்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது காயல்பட்டினம். அங்கே ஹிஜ்ரி 1042-ல், அதாவது 1632-ல் பிறந்தவர்கள் சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்கள். தந்தை சுலைமான் வலியுல்லாஹ் (ரஹ்) அவர்கள். இல்மும் இறையச்சமும் நிறைந்த குடும்பம். அப்பாவின் சகோதரர் சாம் ஷிஹாபுத்தீன் (ரஹ்) அவர்கள், அரபு படிக்காத எளிய மக்களுக்கும் தீன் போய்ச் சேர வேண்டும் என்று அரபுத் தமிழில் பாடல்களாக எழுதிக் கொடுத்தார்கள்.

சதக்கத்துல்லாஹ் என்ற பெயருக்கு என்ன பொருள் தெரியுமா? சதக்கா என்றால் தர்மம். அல்லாஹ் வழங்கிய தர்மம் என்பது அந்தப் பெயரின் கருத்து. அல்லாஹ் தந்த இல்மைத் தமக்கென்று மூடி வைத்துக்கொள்ளாமல், கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்த வாழ்க்கை அது. நபிபுகழ் பாடும் வித்ரிய்யா என்ற அரபுக் கவிதைக்கு அப்பா அவர்கள் அடிகள் சேர்த்து விரித்து எழுதிய தக்மீஸ் இன்றும் ஓதப்படுகிறது.

கீழக்கரையில் தங்கி அப்பா அவர்கள் பாடம் நடத்தினார்கள். அவர்களிடம் பாடம் கேட்டவர்களில் ஒருவரை நீங்கள் நன்றாக அறிவீர்கள். செத்தும் கொடுத்தான் என்ற பழமொழிக்கு உரிய சீதக்காதி. ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர் என்பது அவருடைய பெயர். கப்பல் வணிகர். சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதிக்கு நெருக்கமானவர். நெல்லின் விலை பொன்னைப் போல ஏறிய பஞ்ச காலத்தில், வந்தவர் யார், எந்த ஊர், எந்தச் சாதி, எந்த மதம் என்று கேட்காமல் சோறு போட்டவர் என்று அவரைப் புகழ்ந்து பாடியவர் படிக்காசுப் புலவர். அவர் முஸ்லிம் அல்லர், சிவனை வணங்கும் புலவர். ஒருவருடைய தர்மத்துக்கு அடுத்த மார்க்கத்துக்காரர் சாட்சி சொல்கிறார் என்றால், அந்தத் தர்மம் எத்தனை வீட்டு அடுப்பை எரிய வைத்திருக்க வேண்டும்!

ஆசிரியர் இல்மைக் கொடுத்தார்கள். மாணவர் அன்னத்தைக் கொடுத்தார். அவரவரிடம் எது இருந்ததோ அதைக் கொடுத்தார்கள்.

இப்போது இந்த வரலாற்றின் முக்கியமான இடத்துக்கு வருவோம். எட்டயபுரம் அரண்மனையில் புலவராக இருந்தார் உமறு. கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர். நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைத் தமிழில் காப்பியமாகப் பாட வேண்டும் என்று சீதக்காதி அவரைக் கேட்டுக்கொண்டார். உமறுவுக்குத் தமிழ் வசப்பட்டிருந்தது. ஆனால் அரபுக் கிதாபுகளில் உள்ள செய்திகளை யாராவது எடுத்துச் சொல்ல வேண்டுமே! அதற்காகச் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களைத் தேடி வந்தார்.

வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி இது. வந்தவரை அப்பா அவர்கள் பார்த்தார்கள். அரண்மனைப் புலவர்களுக்குரிய உடை, அலங்காரம். மார்க்கப் பேணுதல் உள்ளவருடைய தோற்றமாக அது தெரியவில்லை. இவரை நம்பி நாயகத்தின் வரலாற்றை ஒப்படைப்பதா என்ற தயக்கம் வந்தது. மறுத்துவிட்டார்கள். உமறு மனம் உடைந்து போனார். நாயகத்தை நினைத்து அழுது பாடினார். பிறகு நாயகம் (ஸல்) அவர்கள் கனவில் தோன்றி உணர்த்திய பின், அப்பா அவர்கள் தம் முடிவை மாற்றிக்கொண்டார்கள். உமறுவுக்கு வேண்டிய வரலாற்றுச் செய்திகளெல்லாம் கிடைக்க வழி செய்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். அந்த மறுப்பு அப்படியே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும்? விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று மூன்று காண்டங்களில், 5027 பாடல்களில் நம் கையில் இருக்கும் சீறாப்புராணம் இருந்திருக்குமா? அரபு தெரியாத எத்தனை தாய்மார்கள் அதைக் கேட்டுக் கண்ணீர் விட்டிருப்பார்கள்! முஸ்லிம் அல்லாத எத்தனை தமிழறிஞர்கள் அதன் வழியாக நாயகத்தை அறிந்திருப்பார்கள்! இத்தனையும் ஒரு மனிதருடைய உடையைப் பார்த்து எடுத்த முடிவில் நின்று போயிருக்கும். அப்பா அவர்களின் பெருமை, தவறாத மனிதராக இருந்ததில் இல்லை. உண்மை தெரிந்ததும் கௌரவம் பார்க்காமல் முடிவை மாற்றிக்கொண்டார்களே, அதில் இருக்கிறது.

கண் பார்வை இல்லாத அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் சம்பவம் உங்களுக்கு நினைவுக்கு வரும். நாயகம் (ஸல்) அவர்கள் குறைஷித் தலைவர்களிடம் தீனை எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், கற்றுக்கொள்ளும் ஆவலோடு அவர் வந்தார். அவர் பக்கமே கவனம் திரும்பியிருக்க வேண்டும் என்று உணர்த்தி அல்லாஹ் அபஸ அத்தியாயத்தை இறக்கினான். அதன் பிறகு நாயகம் அவருக்குத் தனி மரியாதை கொடுத்தார்கள். மதீனாவில் பாங்கு சொல்லும் பொறுப்பும் அவருக்குக் கிடைத்தது.

ளுஹா அத்தியாயத்தில், கேட்டு வருபவரை விரட்ட வேண்டாம் என்று அல்லாஹ் கட்டளையிடுகிறான். கேட்டு வருபவர் என்றால் யார்? யாசகம் கேட்பவர் மட்டுமல்ல, இல்மைக் கேட்டு வருபவரும் அதில் அடங்குவார் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் விளக்கம் சொல்கிறார்கள். சகோதரர்களே, இதை நம் அன்றாட வாழ்க்கையில் பொருத்திப் பாருங்கள். ஜும்ஆ முடிந்து வாசலில் கையேந்தி நிற்பவருக்குப் பத்து ரூபாய் போடுகிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பல வருடம் கழித்து இப்போதுதான் பள்ளிவாசலுக்கு வந்திருக்கும் இளைஞனின் முடியையும் சட்டையையும் பார்த்து முகம் சுளிக்கிறோமே, அவனும் கேட்டு வந்தவன்தானே! வங்கியில் படிவம் நிரப்பத் தெரியாமல் தயங்கி நிற்கும் பெரியவர், இஸ்லாத்தைப் பற்றி ஒரு சந்தேகம் கேட்கும் மாற்று மதச் சகோதரர், மூன்றாம் முறையாக அதே கேள்வியைக் கேட்கும் வயதான தாய், இவர்கள் எல்லோரும் கேட்டு வருபவர்கள்தான். நல்ல சொல்லும் தர்மம் என்று நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்திருக்கிறார்கள். காசே செலவில்லாத அந்தத் தர்மத்தில்தான் நாம் அதிகம் கஞ்சத்தனம் காட்டுகிறோம்.

இந்தக் குணம் நம் மண்ணில் செத்துப் போய்விடவில்லை. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணி கரை கடந்து ஓடியதே, அப்போது செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசல் வெள்ளத்தில் வீடிழந்த இந்துக் குடும்பங்களுக்குக் கதவைத் திறந்து விட்டது. வந்தவர் யாரென்று அங்கே யாரும் கேட்கவில்லை. வெள்ளத்தில் திறந்த கதவு சாதாரண நாளிலும் திறந்திருக்க வேண்டும் என்பதுதான் நாம் எடுக்க வேண்டிய பாடம்.

சீறாப்புராணம் முடியும் முன்பே சீதக்காதி இறந்து போனார். பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டார். 1842-ல் அதை முதன்முதலில் அச்சில் கொண்டு வந்தவர் காயல்பட்டினத்தைச் சேர்ந்த செய்கு அப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம். ஒருவர் தொடங்கி வைத்த நன்மையை இன்னொருவர் சுமந்தார். சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் ஹிஜ்ரி 1115-ல், 1703-ல் வஃபாத்தாகி, கீழக்கரையில் அடங்கியிருக்கிறார்கள். மனிதன் இறந்ததும் அவனுடைய அமல்கள் நின்றுவிடும், நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, துஆச் செய்யும் நல்ல பிள்ளை ஆகிய மூன்று மட்டும் தொடரும் என்ற நபிமொழியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அந்த மூன்றும் சுலைமான் வலியுல்லாஹ்வின் வீட்டிலும், அவர் மகனுடைய மாணவரின் கையிலும் எப்படி நிறைவேறின என்று பாருங்கள்.

இந்த வாரம் உங்களைத் தேடி ஒருவர் வருவார். பணம் கேட்கலாம், வழி கேட்கலாம், வெறுமனே ஐந்து நிமிட நேரம் கேட்கலாம். அவருடைய உடையைப் பார்க்கும் முன் அவருடைய தேவையைப் பாருங்கள். முன்பு யாரையாவது திருப்பி அனுப்பியிருந்தால், அப்பா அவர்களைப் போல நீங்களே முன்வந்து கூப்பிடுங்கள்.

கேட்டு வருபவர்களை முகமலர்ச்சியோடு வரவேற்கும் நல்ல உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.