நாகசாக்கி வைத்தியர் பவுல் நாகாய்



நம் சாந்தோமில், அர்ச். தோமையாரின் கல்லறையருகே 1545-ம் ஆண்டில் சில மாதங்கள் தங்கி ஜெபித்தவர் அர்ச். சவேரியார் என்பதை நீங்கள் அறிவீர்கள். அதே சவேரியார்தான் 1549-ல் ஜப்பானில் கரையேறி, அங்கே வேத விதையை ஊன்றினார். அந்த விதை வேர்விட்ட ஊர்களில் தலையானது நாகசாக்கி. 1597-ல் அங்கே சிலுவையில் மாண்ட இருபத்தாறு வேதசாட்சிகளில், நம் நாட்டு வசாயில் பிறந்த அர்ச். கொன்சாலோ கார்சியாவும் ஒருவர். பிற்பாடு இருநூறு ஆண்டுகளுக்கு மேல், குருக்களே இல்லாமல் மறைவாக விசுவாசத்தைக் காத்த குடும்பங்கள் அந்நகரின் ஊராக்காமி பகுதியில் வாழ்ந்தன. அந்த ஊராக்காமியின் மேல்தான் 1945 ஆகஸ்டு 9-ந் தேதி அணுகுண்டு வெடித்தது. அதில் பிழைத்த ஒரு வைத்தியரின் சரித்திரம் இது.

தக்காஷி நாகாய் 1908-ல் மத்சுவே நகரில் ஒரு வைத்தியரின் மகனாகப் பிறந்தார். 1928-ல் நாகசாக்கி வைத்தியக் கல்லூரியில் சேர்ந்தபோது, உடலுக்கு அப்பால் ஒன்றுமில்லை என்பதே அவர் எண்ணம். 1930-ல் அவருடைய தாய் மரணப் படுக்கையில் கிடந்தார். பேச்சு நின்றுபோன அந்தத் தாய் மகனைக் கடைசியாகப் பார்த்த பார்வை அவரை உலுக்கிவிட்டது. இது உடலோடு அழிந்துபோகிற ஒன்றா என்ற கேள்வி அவரை விடவில்லை. ஊராக்காமியில் மொரியாமா என்பவர் வீட்டில் அவர் வாடகைக்குத் தங்கினார். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தலைமை தாங்கிய குடும்பம் அது. 1934-ல் வேதசாட்சி பவுல் மீக்கியின் பெயரால் ஞானஸ்நானம் பெற்று, அதே ஆண்டில் அவ்வீட்டு மகள் மிதோரியைக் கைப்பிடித்தார்.

காது நோயால் ஸ்டெதாஸ்கோப்பைச் சரிவரப் பயன்படுத்த இயலாமற்போகவே, அவர் எக்ஸ்ரே துறைக்குச் சென்றார். அந்நாளில் ஜப்பானில் காசநோய் கடுமையாகப் பரவியிருந்தது. யுத்தத்தினால் பிலிம் கிடைக்கவில்லை. பிலிம் இருந்தால் ஒரு கணம் கதிர் பாய்ந்தால் போதும். இல்லாவிட்டால் நோயாளியின் நெஞ்சை ஒளித்திரையில் நேராகப் பார்க்க வேண்டும்; பார்க்கும் நேரமெல்லாம் கதிர் பாய்ந்துகொண்டேயிருக்கும். நோயாளிக்கு அது சில விநாடிதான். வைத்தியர் உடம்பிலோ அத்தனை பேருக்கான கதிரும் சேர்ந்தது. ஆபத்தை அறிந்தே அவர் அந்த வேலையைச் செய்தார். 1945 ஜூனில் அவருக்கு இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தது. இன்னும் மூன்றாண்டுதான் ஆயுள் என்றார்கள். ஆகவே, குண்டு விழுமுன்பே கதிரினால் மரணத் தீர்ப்புப் பெற்றவர் அவர்.

இரண்டு மாதம் சென்றது. காலை 11 மணி 2 நிமிடத்துக்குச் சுமார் 500 மீட்டர் உயரத்தில் குண்டு வெடித்தது. அவர் இருந்த ஆஸ்பத்திரி அங்கிருந்து 700 மீட்டர் தூரத்தில் இருந்தது. சிதறிய கண்ணாடி அவருடைய வலது நெற்றிப்பொட்டின் இரத்தக் குழாயை அறுத்தது. கட்டுப்போட்டுக்கொண்டு, மயங்கி விழும் வரையில் நோயாளிகளைக் காப்பாற்றினார். பிறகே வீட்டுக்குச் சென்றார். சமையலறை இருந்த இடத்தில் மிதோரியின் கருகிய எலும்புகளும், அருகே உருகிய ஜெபமாலையும் கிடந்தன. பாட்டியோடு மலைக்கிராமத்திற்குப் போயிருந்த இரு குழந்தைகள் மட்டும் மிஞ்சினார்கள். ஊராக்காமியின் சுமார் 12,000 கத்தோலிக்கரில் ஏறக்குறைய 8,500 பேர் மாண்டார்கள்.

பிழைத்த வைத்தியர்களையும் தாதிகளையும் சேர்த்துக்கொண்டு, நாகாய் ஒரு மலைப் பள்ளத்தாக்கில் இரண்டு மாதம் சிகிச்சை நடத்தினார். தீக்காயமே படாதவர்கள் சில நாள் நன்றாக நடமாடிப் பின்பு சாய்ந்தார்கள். தலைமுடி உதிர்ந்தது, ஈறில் இரத்தம் கசிந்தது, தோலில் சிவந்த புள்ளிகள் தோன்றின. இதன் காரணத்தை அறிந்துகொள்ளுங்கள். நம் இரத்த அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உண்டாகின்றன. கதிர் அந்த ஊற்றைக் கெடுத்துவிடுகிறது. ஏற்கெனவே உள்ள அணுக்கள் தீரும்வரை மனிதன் நலமாகத் தோன்றுகிறான். தீர்ந்தபின் காய்ச்சலும் இரத்தப்போக்கும் வந்துவிடுகின்றன. இவற்றையெல்லாம் கவனமாகக் குறித்து, அவர் கல்லூரிக்கு அறிக்கை எழுதினார்.

அந்த மண்ணில் எழுபது ஆண்டுகளுக்கு மேல் எந்த உயிரும் தங்காது என்று வதந்தி எழுந்தது. நாகாய் குனிந்து மண்ணைப் பார்த்தார். சில வாரங்களிலேயே எறும்புகளும் மண்புழுக்களும் திரும்பியிருந்தன. குண்டின் கதிரில் பெரும்பகுதி முதல் நிமிடத்திலேயே பாய்ந்து முடிந்துவிட்டது. மண்ணில் தங்கியது வேகமாகக் குறைந்துவந்தது. அவர் அங்கேயே குடிசை போட்டுக் குழந்தைகளோடு குடியேறினார். அதைக் கண்டு மற்றவர்களும் திரும்பினார்கள்.

1945 நவம்பர் 23-ந் தேதி இறந்தவர்களுக்கான பூசையில், மாண்டவர்களை யுத்தத்தின் முடிவுக்காக ஒப்புக்கொடுக்கப்பட்ட பலி என்று அவர் வருணித்தார். தேவ தண்டனை என்ற சொல்லால் புண்பட்டிருந்த மக்களுக்கு அது ஆறுதலாயிருந்தது. ஆனால் அந்தக் கருத்தைத் தாங்க முடியாத பிழைத்தவர்களும் உண்டு. அவர்கள் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. குண்டைச் செய்தவனும் மனிதன், போட்டவனும் மனிதன். யுத்தம் மனிதனின் செயலே என்று பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-ல் ஹிரோஷிமாவில் அறிவித்தார். அணு ஆயுதத்தைப் பயன்படுத்துவது மட்டுமல்ல, வைத்திருப்பதும் ஒழுக்கத்துக்கு விரோதம் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2019-ல் அதே நாட்டில் போதித்தார்.

1946-ல் படுத்த நாகாய் பிறகு எழவில்லை. 1948-ல் இரண்டு பாய் விரிக்கும் அளவே உள்ள ஒரு குடிசை அவருக்குக் கட்டப்பட்டது. தன்னைப்போல் பிறனையும் நேசி என்ற கற்பனையை நினைத்து அதற்கு நியோகோதோ என்று பெயரிட்டார். மல்லாந்து படுத்தபடியே புத்தகங்கள் எழுதினார். நாகசாக்கியின் மணி என்ற நூல் 1949-ல் வெளிவந்தது. தமக்குக் கிடைத்த பணத்தில், எரிந்த ஊருக்கு ஆயிரம் செர்ரி மரக்கன்றுகள் வாங்கிக் கொடுத்தார். 1951 மே 1-ந் தேதி, 43-ம் வயதில் மரித்தார். அவருடைய விருப்பப்படியே கல்லூரியார் அவர் உடலைப் பரிசோதித்தார்கள்.

இனி நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். குண்டுக்குப் பிழைத்தவர்களைப் பல்லாண்டு ஆராய்ந்ததில், இரத்தப் புற்றுநோயும் பிற புற்றுநோய்களும் அவர்களிடம் அதிகரித்தது உறுதியாயிற்று. கர்ப்பத்தில் கதிர் பட்ட சில குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சி குன்றியது. ஆனால் பிழைத்தவர்களுக்குப் பிற்பாடு பிறந்த பிள்ளைகளிடம், பரம்பரையாய் இறங்கிய கேடு எதுவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை. இருந்தும் ஜப்பானில் அநேகர் அவர்களோடு சம்பந்தம் செய்ய மறுத்தார்கள். குண்டு கொல்லாமல் விட்டவர்களை அக்கம்பக்கத்தார் வதைத்தார்கள்.

நம்மிடம் அந்தக் குற்றம் இல்லையா? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ ஊர்களிலிருந்து ஏழைகள் வருகிறார்கள். கரண்ட் வைத்த நோயாளி என்று கேட்டவுடன் தனித் தட்டு, தனி டம்ளர் எடுத்துவைக்கும் வீடுகள் உண்டு. குடியிருக்க அறை மறுக்கும் வீடுகளும், பேசிய கலியாணத்தை நிறுத்தும் வீடுகளும் உண்டு. புற்றுநோய் தொற்றாது. வெளியிலிருந்து கருவி மூலம் கதிர் சிகிச்சை பெற்றவர் உடம்பில் கதிர் தங்குவதுமில்லை. அவர் பேரக்குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளலாம். உடலுக்குள் கதிர்மருந்து கொடுக்கப்பட்ட சிலருக்கு மட்டும் சில நாள் எச்சரிக்கை தேவை. அதை வைத்தியரே சொல்லுவார்.

ஆகையால் உங்கள் தெருவில் அப்படி ஒருவர் இருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். அவர் வீட்டில் ஒரு வாய் காப்பி வாங்கிக் குடியுங்கள். ஆகஸ்டு 9-ந் தேதி குடும்பமாகக் கூடி, நாகசாக்கியில் மாண்டவர்களுக்காக ஒரு ஜெபமாலை சொல்லுங்கள்.