பெயரும் மதிப்பும்

பெயர் வேறு, அதில் அமரும் மதிப்பு வேறு. பெயர் நிலைத்து நிற்க, மதிப்பு மாறலாம். ஆனால் 1 என்று எழுதிய எண் என்றும் 1 தான். கணிப்பொறி நிரல் பயில்வோரின் முதற்பாடம் இது. மின்னணுக் கணிப்பொறி பிறப்பதற்கு ஏறக்குறைய நூறாண்டு முன்பே இதை அட்டவணையாக்கிக் காட்டியவர் அடா லவ்லேஸ் அம்மையார்.

1815 டிசம்பர் 10ஆம் நாள் லண்டனில், கவிஞர் பைரனின் மகளாகப் பிறந்தார் அடா. அடுத்த திங்களே பெற்றோர் பிரிந்தனர். தந்தையின் இயல்பு மகளைப் பற்றிவிடுமோ என்றஞ்சிய தாய், கணிதத்தைக் காவலாக வைத்தார். 1833இல், 17ஆம் வயதில், அடா சார்லஸ் பாபேஜைச் சந்தித்தார். 1840 முதல் அவருக்கு உயர்கணிதம் கற்பித்தவர் டி மார்கன். அவ்வறிஞர் 1806இல் நம் மதுரையில் பிறந்தவர்!

பாபேஜ் திட்டமிட்ட பகுப்பாய்வு எந்திரத்தைப் பற்றி இத்தாலியர் மெனாப்ரியா 1842இல் பிரெஞ்சில் ஒரு கட்டுரை எழுதினார். அதை ஆங்கிலமாக்கிய அடா, மூலத்தினும் மிக நீண்ட ஏழு குறிப்புகளைச் சேர்த்து 1843இல் வெளியிட்டார். இறுதிக் குறிப்பில், பெர்னோலி எண்களைக் கணிக்கும் வழியை 25 செயல்களாக வகுத்தார்.

எண்களைத் தாங்கும் சக்கரத் தூண்களுக்கு அங்கே மாறிகள் என்றே பெயர். முதல் தூணில் 1. அது இறுதிவரை அசையாது. பத்தாம் தூணிலோ அந்த 1 மீண்டும் மீண்டும் கழிக்கப்பட, மதிப்பு 3, 2, 1 என இறங்குகிறது. இன்னும் எத்தனை சுற்று உண்டு என்பதை எந்திரம் அறிவது அதனாலேயே. மதிப்பு மாறுந்தோறும் தூணின் பெயரருகே சிற்றெண் ஒன்று மாறும். தூணின் பெயர் மாறாது.

எந்திரம் முழுமையாகக் கட்டப்படவே இல்லை. 1852 நவம்பர் 27ஆம் நாள், 36ஆம் வயதில், புற்றுநோய் அவரைக் கொண்டுசென்றது. அக்குறிப்புகளில் பாபேஜின் பங்கு எவ்வளவு என்று அறிஞர் இன்றும் வாதிடுகின்றனர். பாபேஜோ, அக்கணக்கில் தாம் செய்த பெரும்பிழையை அடாவே கண்டுபிடித்தார் என்று 1864இல் வெளியிட்ட தம் நூலில் ஒப்புக்கொண்டார்.

தம் படைப்பின் கீழ் முழுப்பெயரும் எழுதாமல் மூன்று முதலெழுத்துகளையே இட்டவர் அவர். 1980இல் ஒரு நிரல்மொழிக்கு அடா என்னும் பெயர் நிலைபெற்றது. நண்பர்களே, பைரன் மகள் என்பது அவருக்குப் பிறப்பு தந்த பெயர். அதில் மதிப்பை இட்டது அவர்தம் உழைப்பு.