உரிமைக்குரல் எழுப்பிய டக்ளஸ்

அமெரிக்க நாட்டின் கீழ்க்கரையில் மேரிலாந்து என்பது ஒரு மாநிலம். 1818-ஆம் ஆண்டில், அம்மாநிலத்துப் பண்ணையொன்றில், அடிமைப் பெண்ணொருத்தியின் வயிற்றில் ஓர் ஆண்மகவு பிறந்தது. அம்மகவுக்கு இடப்பட்ட பெயர் பிரெடரிக் அகஸ்டஸ் வாஷிங்டன் பெய்லி என்பது. நாட்டின் முதற் குடியரசுத் தலைவருடைய பெயரும் அதனுள் அடங்கியிருந்தது. ஆயினும், அந்நாடு அம்மகவைக் குடிமகனாகக் கொள்ளவில்லை. ஆடுமாடுகளைப் போல உடைமைப் பொருளாகவே கொண்டது. தம் பிறந்த நாள் இன்னதென்றும், தந்தை இன்னார் என்றும் அவர் கடைசிவரை உறுதியாக அறிந்திலர். தாயார் வேறொரு பண்ணையில் வேலை செய்தார். பகலெல்லாம் உழைத்துவிட்டு, இரவில் 12 கல் தொலைவு நடந்து வந்து மகனைக் கண்டு, பொழுது புலருமுன் திரும்பிவிடுவார். அவ்வன்னையும் மகனுக்கு ஏழு வயது ஆகும்போதே மறைந்தார்.

எட்டு வயதளவில் சிறுவர் பால்டிமோர் நகருக்கு அனுப்பப்பெற்றார். அங்கே வீட்டுத்தலைவி இரக்கமுடையவர். எழுத்துகளைச் சிறுவருக்குக் கற்பித்தார். கணவரோ அதனைக் கண்டு சினந்து தடுத்துவிட்டார்; கல்வி பெற்றவன் அடிமையாக இரான் என்பது அவர் கருத்து. தடுத்த சொல்லே சிறுவருக்கு வழிகாட்டியாயிற்று. எதனைக் கண்டு ஆண்டான் அஞ்சுகின்றானோ, அதுவே விடுதலைக்கு வாயில் என்று அவர் தெளிந்தார். தெருவில் விளையாடும் வெள்ளைச் சிறுவர்க்கு ரொட்டித் துண்டுகளைக் கொடுத்து, ஈடாக எழுத்தும் சொல்லும் கற்றுக்கொண்டார். சிறுகச் சிறுகச் சேர்த்த 50 சென்ட் காசைக் கொண்டு பேச்சுக்கலை நூலொன்றை வாங்கி, மறைவாக ஓதி வந்தார்.

பின்னர், பணியாத அடிமைகளை அடித்துப் பணியவைப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவனிடம் அவர் ஒப்படைக்கப்பட்டார். பல திங்கள் சாட்டையடி பட்டபின், ஒருநாள் எதிர்த்து நின்று போராடினார். அதன்பின் அவன் அவர்மேல் கைவைக்கத் துணியவில்லை. 1838-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள், மாலுமியின் உடையணிந்து, வேறொரு கறுப்பினக் கடலோடியின் சான்றிதழைக் கையிற் கொண்டு, புகைவண்டியேறி வடநாடு சென்று சேர்ந்தார். அவருக்குத் துணைநின்ற ஆனா மரி என்னும் நங்கையையே அம்மாதத்தில் மணந்தார். தம்மைத் தேடுவோர் அறியாவண்ணம் டக்ளஸ் என்னும் பெயரை மேற்கொண்டார்.

அதன்பின் அவர் அடைந்த புகழ் உலகறிந்தது. அடிமை ஒழிப்பு மேடைகளில் அவர் பேசக் கேட்டோர், இத்துணைச் சொல்வன்மை உடையவர் அடிமையாக இருந்திருப்பாரோ என ஐயுற்றனர். அவ்வையம் நீங்க, 1845-இல் தம் வரலாற்றை நூலாக எழுதி வெளியிட்டார். அதனால் பிடிபடும் இடர் நேர்ந்தது. எனவே பிரிட்டனுக்குச் சென்றார். அங்கிருந்த அன்பர்கள் பொருள் திரட்டி, 1846-இல் அவருடைய விடுதலையை விலைகொடுத்து வாங்கினர். திரும்பி வந்து ராச்செஸ்டர் நகரில் வடமீன் என்னும் பொருள்படும் பெயருடைய இதழை நடத்தினார். 1848-இல் செனிக்கா பால்ஸ் என்னும் ஊரில் கூடிய மகளிர் மாநாட்டில், பெண்டிர்க்கும் வாக்குரிமை வேண்டும் என்ற தீர்மானத்தை ஆதரித்துப் பேசினார். உள்நாட்டுப் போரின்போது ஆபிரகாம் லிங்கனை நேரிற் கண்டு, கறுப்பினப் போர்வீரர்க்கு நிகரான ஊதியம் வேண்டினார். போர் 1865-இல் முடிந்தது, அடிமைமுறை ஒழிந்தது.

இனி, நாட்டின் தலைநகரமாகிய வாஷிங்டனின் நிலையைச் சிறிது அறிதல் வேண்டும். 1783-இல் பிலடெல்பியாவில், ஊதியம் பெறாத போர்வீரர் சிலர் காங்கிரஸ் கூடியிருந்த மாளிகையைச் சூழ்ந்துகொண்டனர். அம்மாநில அரசு துணைக்கு வரவில்லை. ஆதலின், தலைநகரம் எந்த மாநிலத்தின் ஆட்சிக்கும் உட்படாமல், காங்கிரசின் நேர் ஆட்சியில் இருத்தல் வேண்டும் என அரசியலமைப்பில் விதித்தனர். அச்சத்தாற் பிறந்த அவ்விதி, அங்கே குடியிருப்போரை மறந்துவிட்டது. 1801-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின், அந்நகர மக்கள் எம்மாநிலத்தாரும் அல்லர் ஆயினர். எனவே காங்கிரசுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் இழந்தனர். வரி மட்டும் செலுத்தி வந்தனர்.

1867-இல் காங்கிரஸ், குடியரசுத் தலைவரின் மறுப்பையும் மீறி, அந்நகரத்துக் கறுப்பின ஆடவர்க்கு நகரத் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை வழங்கியது. மூன்றாண்டுகளில் டக்ளஸ் அந்நகரில் குடியேறி, இதழாசிரியராகப் பணியாற்றத் தொடங்கினார். 1871-இல் நகருக்குப் புதியதோர் ஆட்சிமன்றம் அமைந்தது. அதன் மேலவைக்குக் குடியரசுத் தலைவர் கிராண்ட் அவரை அமர்த்தினார்; அவர் சில காலமே அப்பதவியில் இருந்தார். 1872-இல் வியத்தகு நிகழ்ச்சியொன்று நேர்ந்தது. நியூயார்க் மாநிலத்தார், குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளருள் ஒருவராக டக்ளசைத் தெரிந்தெடுத்தனர். மாநிலத்தின் வாக்குகளை முத்திரையிட்டுத் தலைநகருக்குக் கொண்டுசெல்லும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்தனர். அடிமையாய்ப் பிறந்தவர், ஒரு பெருமாநிலத்தின் வாக்குகளைத் தம் கையில் ஏந்திச் சென்றார். சென்று சேர்ந்த நகரத்தாருக்கோ அத்தேர்தலில் ஒரு வாக்கும் இல்லை.

நகர ஆட்சிமன்றமும் நிலைக்கவில்லை. சாலைகளும் கழிநீர்க் கால்வாய்களும் அமைத்ததில் கடன் மிகுந்தது. அதனைக் காரணமாகக் காட்டி, 1874-இல் காங்கிரஸ் அம்மன்றத்தைக் கலைத்தது. 1878-இல் மூன்று ஆணையர் ஆளும் முறையை நிலையாக்கியது. கடன் மட்டுமே காரணம் அன்று. கறுப்பின மக்கள் வாக்களித்தலைப் பொறாத வெள்ளையர் சிலர், தம் வாக்கு போனாலும் போகட்டும், அவர்கள் வாக்கும் ஒழிந்தால் நன்று என்று எண்ணினர். ஏழாண்டு உரிமை இவ்வாறு இரு சாரார்க்கும் ஒருசேர மறைந்தது.

டக்ளஸ் 1877-இல் அந்நகரின் மார்ஷல் பதவியையும், 1881-இல் ஆவணப் பதிவாளர் பதவியையும் பெற்றார். இரண்டும் மேலிருந்து வழங்கப்பட்டவை. மக்கள் வாக்கால் அவர் எப்பதவியையும் அடைந்தவர் அல்லர். அரசின் ஊதியம் பெறுவோர் வாய் திறவாதிருத்தலே உலகியல். அவர் அவ்வாறு இருந்திலர். மார்ஷலான அவ்வாண்டிலேயே பால்டிமோரில் தலைநகரைப் பற்றிப் பேசி, அதன் குறைகளையும் எடுத்துரைத்தார். நகரத்தார் பலர் வெகுண்டு, அவரைப் பதவி நீக்குமாறு விண்ணப்பித்தனர். குடியரசுத் தலைவர் இசையவில்லை. பின்னாளில் அந்நகர மக்களின் பொருட்டும் அவர் வாதாடினார். மக்களால் ஆளப்படும் நாடு என்று பெருமை பேசும் நாட்டில், அதன் தலைநகர மக்கள் தாம் தேர்ந்தெடுக்காத ஆட்சியாளர்க்கு அடங்கி, தாம் இயற்றாத சட்டங்களுக்குப் பணிகின்றனர் என்பதே அவர் எடுத்துக்காட்டிய முரண்.

அனகோஸ்டியா ஆற்றின் அப்பால், குன்றின்மேல், சீடர் ஹில் என்னும் இல்லத்தில் அவர் வாழ்ந்தார். 1895 பிப்ரவரி 20-ஆம் நாள் மகளிர் கூட்டமொன்றிற்குச் சென்று திரும்பிய மாலையில் உயிர் நீத்தார்.

அவர் மறைந்து 66 ஆண்டுகள் கழிந்தபின், 1961-இல், தலைநகர மக்கள் குடியரசுத் தலைவர் தேர்தலில் வாக்களிக்கும் உரிமை பெற்றனர். 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தம் மேயரையும் நகர மன்றத்தையும் தேர்ந்தெடுக்கலாயினர். காங்கிரசின் கீழவையில் அவர்களுக்கு ஒரு பேராளர் உண்டு. ஆயினும், சட்டம் நிறைவேறும் இறுதி வாக்கெடுப்பில் அவர் வாக்களிக்க இயலாது. மேலவையில் அவர்களுக்கு இருக்கையே இல்லை. 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி நகரத்து மக்கள் தொகை 6,89,545; இரண்டு செனட் உறுப்பினரையுடைய வயோமிங் மாநிலத்தின் தொகையோ 5,76,851.

தனி மாநிலம் வேண்டுமென்ற கோரிக்கைக்கு 2016-இல் அந்நகர மக்கள் பெரும்பான்மையாக ஆதரவு அளித்தனர். கீழவை 2020-இலும் 2021-இலும் அதற்குரிய சட்ட முன்வடிவை ஏற்றது, மேலவை ஏற்கவில்லை. கொலம்பியா என்னும் பெயரை நீக்கி, வாஷிங்டன் டக்ளஸ் பொதுநலநாடு என்னும் பெயரை அம்மாநிலத்துக்கென வகுத்தனர். காங்கிரஸ் மாளிகையில் 2013-இல் டக்ளசின் வெண்கலச் சிலையொன்று திறந்துவைக்கப்பட்டது. ஒவ்வொரு மாநிலமும் இரண்டு சிலைகளை நிறுவும் அம்மாளிகையில், தலைநகர மக்கள் அளித்த சிலை அது.