பெயர் எழுதப்படாத முகங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒளிப்படக் கலைஞர்களை எண்ணுவோர் ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரை (1815–1879) விட்டுவிட்டு எண்ணுவதில்லை. டென்னிசன், டார்வின், கார்லைல், பிரௌனிங் ஆகியோரின் முகங்களை இன்று உலகம் அறிவது பெரிதும் அவர்தம் ஒளிப்படங்களின் வாயிலாகவே. ஆயினும் அவர் தம் இறுதி மூன்றாண்டுகளை இலங்கையிற் கழித்தவர் என்பதும், தேயிலைக் குன்றுகள் சூழ்ந்த பொகவந்தலாவைத் தேவாலய வளாகத்தில் அடக்கம் பெற்றவர் என்பதும் தமிழ் வாசகர் பலர் அறியாதவை. கவிஞர்கள் கூடி வளர்த்த இவ்வட்டத்தின் பத்தாமாண்டு மலரில் ஒளிப்படக் கலைஞர் ஒருவரின் வாழ்வைச் சொல்ல முற்படுவதற்குக் காரணம் உண்டு. முகத்தைப் பதிவு செய்வோர் பெயரை என் செய்தனர் என்னும் வினாவை அவர் வாழ்வு எழுப்புகின்றது. சொல்லால் முகம் தீட்டும் கவிஞர்க்கும் அவ்வினா உரியதே.

அயல்நாடு எது?

அம்மையார் 1815ஆம் ஆண்டு சூன் 11ஆம் நாள் கல்கத்தாவிற் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் பேட்டில் கிழக்கிந்தியக் கும்பெனியின் அலுவலர். தாய் பிரெஞ்சு உயர்குடி வழியினர். இளமைக் கல்வி பிரான்சில் அமைந்தது. உடல்நலம் தேறுவதற்காக நன்னம்பிக்கை முனைக்குச் சென்றபோது இருவரைக் கண்டார். ஒருவர் வானியல் அறிஞர் சர் ஜான் ஹெர்ஷல். மற்றவர் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரன். முன்னவர் வாழ்நாள் நண்பரானார். தம்மினும் இருபது வயது மூத்தவரான பின்னவரை 1838இல் கல்கத்தாவில் மணந்தார்.

இலங்கை வரலாறு பயின்றோர்க்கு இக்கேமரனின் பெயர் புதிதன்று. கோல்புரூக் – கேமரன் ஆணைக்குழுவின் கேமரன் இவரே. அக்குழு 1830களின் தொடக்கத்தில் அளித்த பரிந்துரைகளால் இராசகாரியம் என்னும் கட்டாய ஊழியம் ஒழிந்தது. தோட்டப் பொருளாதாரம் வளர வழி திறந்தது. அவ்வழியே பின்னர்த் தமிழகத்திலிருந்து பல்லாயிரம் தொழிலாளர் கடல் கடந்தனர். கேமரனும் இலங்கையிற் காப்பித் தோட்டங்களுக்கு உரிமையாளரானார்.

1848இல் கணவர் ஓய்வு பெற, குடும்பம் இங்கிலாந்து சேர்ந்தது. கல்கத்தாவிற் பிறந்து, பிரான்சிற் பயின்று, முப்பத்து மூன்றாம் வயதில் இங்கிலாந்திற் குடியேறிய ஒருவர்க்கு எது தாய்நாடு, எது அயல்நாடு? 1860இல் வைட் தீவின் பிரஷ்வாட்டர் என்னும் சிற்றூரில், டென்னிசனின் இல்லத்துக்கு அண்மையில், வாங்கிய வீட்டுக்கு டிம்போலா எனப் பெயரிட்டனர். அஃது இலங்கை மலைநாட்டுப் பெயர். இங்கிலாந்தில் இருந்தபோதும் இலங்கை அவ்வீட்டின் வாயிலில் எழுதப்பட்டிருந்தது.

கோழிக்கூடும் கரிக்கிடங்கும்

1863 டிசம்பரில் மகளும் மருமகனும் அம்மையார்க்கு ஓர் ஒளிப்படக் கருவியைப் பரிசளித்தனர். அப்போது அவர்க்கு வயது நாற்பத்தெட்டு. ஆறு பிள்ளைகளைப் பெற்றவர். அனாதைக் குழந்தைகள் சிலரையும் வளர்த்தவர். தனிமை போக்கும் பொழுதுபோக்காக அளிக்கப்பட்ட அப்பரிசு, எஞ்சிய வாழ்நாள் முழுவதற்கும் உரிய தொழிலாயிற்று. நிலக்கரி அடுக்கிய கிடங்கு இருட்டறையானது. கண்ணாடி பதித்த கோழிக்கூடு படக்கூடமானது. கோழிகளின் இடத்தில் கவிஞர்களும் அறிஞர்களும் வந்தமர்ந்தனர்.

அக்காலத்து ஒளிப்படத் தொழில் பெரும் உடலுழைப்பைக் கோரியது. கனத்த கண்ணாடித் தகட்டின்மேல் கொலோடியன் என்னும் பசைநீரைச் சீராகப் பரப்ப வேண்டும். பின்னர் இருளில் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் தோய்க்க வேண்டும். ஈரம் உலருமுன் கருவியிற் பொருத்திப் படம் எடுத்து, ஈரம் உலருமுன்னரே இருட்டறைக்குக் கொண்டோடி உருவம் துலக்க வேண்டும். அதன் பிறகு நச்சுத்தன்மையுள்ள சயனைடு கலந்த நீரால் நிலைப்படுத்தி, நல்ல நீரிற் பலகாலும் கழுவ வேண்டும். முட்டையின் வெண்கரு பூசிய தாளைத் தகட்டோடு சேர்த்து வெயிலில் வைத்தால்தான் படம் தாளில் ஏறும். தூசு ஒன்று படினும், கை சற்றே நடுங்கினும் அன்றைய உழைப்பு வீணாகும். அம்மையார் தாம் எடுத்த முதற்படத்தைத் தம் கையாலேயே தேய்த்து அழித்துவிட்டார்; தகட்டின் எப்பக்கத்தைத் தொடலாகாது என்பது அப்போது அவர்க்குத் தெரியாது. உள்ளூர் உழவர் ஒருவர் மணிக்கணக்கிற் கூலி பெற்று அமர்ந்து கொடுத்த படம் அது.

1864 சனவரியில் ஆனி என்னும் சிறுமியின் படம் நன்கு அமைந்தது. எடுத்து, துலக்கி, தாளில் ஏற்றி, சட்டமிட்டு, அன்றே சிறுமியின் தந்தையிடம் சேர்ப்பித்த அந்நாளைத் தம் முதல் வெற்றி நாளாக அவர் கொண்டார். பத்தாண்டுகள் கழித்து எழுதத் தொடங்கி முற்றுப்பெறாது விட்ட தன்வரலாற்றுக் குறிப்பில் இவற்றையெல்லாம் பதிவு செய்துள்ளார்.

வெள்ளி நைட்ரேட்டின் கறை விரல்களிலும் ஆடையிலும் நீங்காது நின்றது. ஒவ்வொரு படமும் துலங்கியவுடன் கணவரிடம் காட்டும் வழக்கம் அவர்க்கு உண்டு. நீர் சொட்டும் தகட்டுடன் உணவறைக்குள் ஓடிச் சென்றதால் மேசை விரிப்புகள் கணக்கின்றிப் பாழாயின என்பதை அவரே நகைச்சுவையோடு ஒப்புக்கொள்கிறார். முதுமையால் தளர்ந்த கணவர் ஒவ்வொரு படத்தையும் மகிழ்ந்து பாராட்டினார். மேசை விரிப்பு வீணாவதைப் பொருட்படுத்தாத இல்லறமே அக்கலைக்கு முதற் களமாக இருந்தது.

அவர்தம் படங்களில் உருவங்களின் விளிம்பு மென்மையாகக் கரைந்து நிற்கும். லென்சைத் திருகிக்கொண்டே வருகையில், கண்ணுக்கு அழகெனத் தோன்றிய இடத்தில் நிறுத்திவிடுவார். மேலும் கூர்மையைத் தேடுவதில்லை. ஒளிப்படக் கழகத்தைச் சார்ந்த திறனாய்வாளர் இதனைப் பிழை என்றனர். கைரேகையும் கீறலும் படத்தில் தெரிவதை எள்ளினர். அவர் தம் முறையை மாற்றவில்லை. 1865இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை விலை கொடுத்து வாங்கியது. 1868இல் அங்கேயே இரண்டு அறைகளைப் படக்கூடமாகப் பயன்படுத்த இசைவு தந்தது.

கறை படிந்த கையால் அவர் மற்றொரு வேலையும் செய்தார். படத்தை ஒட்டிய அட்டையில் தம் கையொப்பமும், படத்தின் பெயரும், உயிருள்ளவரைக் கண்டு எடுத்தது என்னும் பொருள்படும் குறிப்பும் எழுதினார். ஹெர்ஷல், டென்னிசன், டார்வின் எனப் பெயர்கள் அவ்வாறே நின்றன. பணிப்பெண் மேரி ஹில்லியரைக் கன்னி மரியாளாகப் பன்முறை படமெடுத்ததால் ஊராரே அவரை மேரி மடோன்னா என அழைத்தனர்.

பட்னி வெளியில் தாயுடன் இரந்து நின்ற மேரி ரயான் என்னும் அயர்லாந்துச் சிறுமியை அம்மையார் தம் இல்லத்தில் வளர்த்தார். அவளும் பணிப்பெண்ணாகவும் படங்களின் தலைவியாகவும் வளர்ந்தாள். அப்படங்களைக் கண்காட்சியிற் கண்டு உளம் பறிகொடுத்த இளைஞர் ஹென்றி காட்டன் 1867இல் அவளை மணந்தார். இந்தியக் குடிமைப் பணியிற் சேர்ந்து, 1904இல் பம்பாயிற் கூடிய இந்திய தேசியக் காங்கிரசுக்குத் தலைமை தாங்கிய சர் ஹென்றி காட்டன் இவரே. அவர் பிறந்த ஊர் நம் கும்பகோணம். இரந்து நின்ற சிறுமியின் பெயர் இவ்வாறு வரலாற்றில் நிலைபெற்றது.

களுத்துறையின் பகல்கள்

1873இல் ஒரே மகள் மகப்பேற்றின்போது மறைந்தார். செலவு வரவை மிஞ்சியது. எண்பது வயதை எட்டிய கணவரோ இலங்கையை எண்ணியே ஏங்கினார். மைந்தர் சிலரும் அங்கிருந்தனர். 1875 அக்டோபரில் இருவரும் கப்பலேறினர். இறக்க நேர்ந்தால் அங்கே பெட்டிக்கு எங்கே போவது என்று தங்களுக்குரிய சவப்பெட்டிகளையும் உடன் கொண்டு சென்றனர் என்பதும், ஒரு பசுவும் அவர்களோடு பயணம் செய்தது என்பதும் அவர் வரலாற்றில் வழங்கிவரும் செய்திகள்.

அவர்கள் காலத்தின் ஒரு பகுதி களுத்துறையிலும் ஒரு பகுதி மலைநாட்டுத் தோட்டங்களிலும் கழிந்தது. களுத்துறை வீடு ஆறு கடலோடு கலக்கும் இடத்தின் அருகே ஒரு மேட்டின்மேல் இருந்தது. 1877இல் அங்கு விருந்தினராகத் தங்கிய ஓவியர் மரியான் நார்த் எழுதிய நினைவுக் குறிப்புகள் அவ்வீட்டின் அன்றாடக் காட்சிகளை நமக்குத் தருகின்றன. சுவரெல்லாம் ஒளிப்படங்கள், ஒழுங்கின்றிக் குவிந்த நூல்கள், அஞ்சாது வீட்டுக்குள் வந்துபோகும் பறவைகள், வாயிலிற் காவலர்போல் நிற்கும் வளர்ப்பு மான். நார்த்தைக் காசுமீரத் துகிலால் போர்த்தித் தென்னங்கீற்றின் பின்னணியில், நண்பகல் வெயிலில் நிறுத்தி அம்மையார் படமெடுத்தார். ஒருவரின் முதுகின் அமைப்பு அழகாக இருந்தது என்பதற்காகவே, தோட்டம் இல்லாத வீட்டுக்கு அவரைத் தோட்டக்காரராக அமர்த்திக்கொண்டார் என்றும் நார்த் எழுதுகிறார். முதுகின் அழகு நூலில் இடம்பெற்றது. அதனை உடையவர் பெயர் இடம்பெறவில்லை.

இங்கிலாந்தில் எடுத்தவற்றையும் சேர்த்து ஏறத்தாழ 1200 படங்கள் அம்மையார் பெயரில் இன்று அறியப்படுகின்றன. அவற்றுள் இலங்கைப் படங்கள் முப்பதுக்கும் குறைவே. வெப்பமும், மருந்துப் பொருள்களும் தூய நீரும் கிடைத்தற்கு இருந்த அருமையும் தொழிலைத் தடுத்தன. ஆயினும் எடுத்த சிலவற்றிலும் பழைய கண்ணே தெரிகின்றது. தோட்டத்திலும் வீட்டிலும் பணி புரிந்தோரையும் ஊர் மக்களையும் நிறுத்தி எடுத்த படங்கள் அவை. அக்காலத்து வெளிநாட்டுப் படக்காரர் பலர் அளவுகோல் பிடித்தாற்போல் இனவகை காட்டி எடுத்த படங்களினின்றும் இவை வேறுபட்டவை. ஒளி இங்கும் கன்னத்தில் ஒருபுறமாக வழிகின்றது. கண்கள் இங்கும் தமக்குள் ஏதோ எண்ணுகின்றன.

1878ஆம் ஆண்டின் களுத்துறைப் படம் ஒன்றில் ஒரு சிறுமியும் ஒரு முதியவரும் உள்ளனர். சிறுமிக்கு வயது பன்னிரண்டு என்றும், முதியவர் தம்மை அவள் தந்தை என்றும் தமக்கு நூறு வயது என்றும் கூறுவதாகவும் அம்மையார் குறித்துள்ளார். வயதைக் கேட்டிருக்கிறார், உறவைக் கேட்டிருக்கிறார், இரண்டையும் எழுதியிருக்கிறார். பெயர் இல்லை. களுத்துறைக் குடியானவர் குழு என்பதே அப்படத்தின் தலைப்பு. அம்முகங்களுள் சிங்களவர் எவர், தமிழர் எவர் எனப் பிரித்தறியவும் இன்று வழியில்லை. பெயர் இருந்திருப்பின் மொழியும் ஊரும் அதனுள் இருந்திருக்கும்.

அவ்வாண்டுகள் எத்தகையவை என்பதையும் எண்ண வேண்டும். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. உயிர் பிழைத்தால் போதும் என்று கங்காணிகளின் பின்னே கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து மலைநாடு நோக்கிக் காட்டுவழி நடந்தவர் பெருந்தொகையினர். அவர்கள் சென்று சேர்ந்த காப்பித் தோட்டங்களையோ 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அரித்துக்கொண்டிருந்தது. அம்மையார் கருவியைத் தூக்கி நிறுத்திய பகல்கள் இவையே.

அகமும் புறமும்

பெயர் சுட்டுதல் பற்றித் தமிழ்மரபு நுண்ணிய நெறி வகுத்துள்ளது. அகப்பாடலில் தலைமக்கள் பெயர் வரலாகாது; அவர்கள் எல்லார்க்கும் பொதுவானவர். நெடுநல்வாடையில் பாண்டியனின் அடையாளப் பூவாகிய வேம்பு இடம்பெற்றமை கொண்டே அதனைப் புறமென்றார் நச்சினார்க்கினியர். புறத்திலோ பெயர் இன்றியமையாதது; வீழ்ந்த மறவனுக்கு நட்ட கல்லிலும் பெயர் பொறித்தனர்.

இந்நெறிகொண்டு நோக்கின் அம்மையாரின் இங்கிலாந்துப் படங்கள் இருவகைப்படும். அறிஞர் படங்கள் பெயரோடு கூடிய புறம். மடோன்னாவாகவும் காவியத் தலைவியாகவும் பணிப்பெண்கள் தோன்றுபவை அகம். அங்கே சொந்தப் பெயர் மறைவது கலைக்காக. இலங்கைப் படங்கள் இவ்விரண்டிலும் அடங்காமல் நிற்கின்றன. அவற்றிலுள்ளோர் பெரும்பாலும் எந்தக் காவியப் பாத்திரமாகவும் வேடமிடவில்லை, தாமாகவே நிற்கின்றனர். தாமாகவே நிற்பவர்க்கு உரிய பெயரும் அவர்க்குத் தரப்படவில்லை. அழகைக் காணத் தயங்காத கண், பெயரைக் கேட்கத் தோன்றாத காலத்தில் வாழ்ந்தது. காலத்தின்மேற் பழியை ஏற்றிவிட்டு அமைதல் எளிது. ஆனால் இரந்து நின்ற அயர்லாந்துச் சிறுமியின் பெயரை அறிந்து போற்றியவரும் அவரே என்பதை மறக்க இயலவில்லை.

1878இல் ஒருமுறை இங்கிலாந்து சென்று சிறிது காலம் தங்கி மீண்டார். மறு ஆண்டு சனவரி 26ஆம் நாள், திக்கோயாப் பள்ளத்தாக்கில் கிளென்கேர்ன் தோட்டத்து வீட்டில் காலமானார். கணவர் 1880 மே மாதத்தில் அவரைப் பின்தொடர்ந்தார். பொகவந்தலாவையிலுள்ள புனித மரியாள் தேவாலய வளாகத்தில் இருவரும் துயில்கின்றனர். காப்பி அழிந்த சரிவுகளில் பின்னர்த் தேயிலை எழுந்தது. அதை நட்டவர்களும் கொய்தவர்களும் நம்மவரே.

பாடியவர் பெயர் தெரியாதபோது, அவர்தம் பாட்டில் ஒளிரும் தொடரையே எடுத்துச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் எனப் பெயர் சூட்டிக் காத்தனர் நம் தொகையாசிரியர். பெயர் தொலைந்தவரைப் பெயரின்றி விட்டுவிட அவர்க்கு மனம் வரவில்லை. இன்று அருங்காட்சியகச் சுவர்களில் இலங்கைப் பெண், தோட்டத் தொழிலாளி என்னும் பொதுச்சொற்களின்மேல் நின்று நம்மை நோக்கும் முகங்களுக்கு அத்தகைய தொகையாசிரியர் இன்னும் வாய்க்கவில்லை. அடுத்த பத்தாண்டை எண்ணித் திட்டமிடும் நம் வட்டத்துக் கவிஞர்கள் அப்படங்களை ஒருமுறை தேடிக் காண்பாராக. நூறு வயது எனச் சொன்ன அம்முதியவரையும், அவர் மகளையும் எப்படி அழைப்பது என்று அவர்களில் ஒருவரேனும் எண்ணிப் பார்ப்பாராயின், இக்கட்டுரை எழுதிய பயனை நான் பெற்றவளாவேன்.