அலையைப் பிடித்த ஹெர்ட்ஸ்

எப்.எம். வானொலியில் ‘மெகா ஹெர்ட்ஸ்’ என்று அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அது ஒரு விஞ்ஞானியின் பெயர் என்பது தெரியுமா, குழந்தைகளே?

ஹென்ரிச் ஹெர்ட்ஸ், 1857 பிப்ரவரி 22-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். சிறுவயதிலேயே தச்சு வேலையும் கடைசல் வேலையும் கற்ற ஹெர்ட்ஸ், கருவிகளைத் தானே செய்து சோதனை நடத்துவார். பொறியியல் படிக்கப் போனவர், இயற்பியலில் ஆர்வம் பிறந்து அதற்கு மாறினார்.

மின்னூட்டம் முன்னும் பின்னுமாக வேகமாக அதிர்ந்தால், அதிலிருந்து மின்காந்த அலைகள் கிளம்பி ஒளியின் வேகத்தில் பரவும் என்று ஸ்காட்லாந்து விஞ்ஞானி மேக்ஸ்வெல் கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தார். ஆனால், அதை யாரும் செய்து காட்டவில்லை. 1879-ல் மேக்ஸ்வெல் இறந்தும் போனார்.

அதே ஆண்டு, மேக்ஸ்வெல் கொள்கையைச் சோதிக்கும்படி ஹெர்ட்ஸிடம் அவருடைய பேராசிரியர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் சொன்னார். அவ்வளவு வேகமான மின் அதிர்வை உண்டாக்க அப்போது வழி இல்லை. ஹெர்ட்ஸ் அதை ஒத்திவைத்தார், ஆனால் மறக்கவில்லை.

1885-ல் கார்ல்ஸ்ரூ நகரில் பேராசிரியரானார். அங்கே இரண்டு உலோகக் கம்பிகளை நேர்க்கோட்டில் வைத்து, நடுவே சிறு இடைவெளி விட்டார். உயர் மின்னழுத்தம் கொடுத்ததும் இடைவெளியில் தீப்பொறி பறந்தது. கம்பிகளில் மின்னூட்டம் நொடிக்குப் பல கோடி முறை அங்குமிங்கும் ஓடியது. சற்றுத் தள்ளி, வளையமாக வளைத்த இன்னொரு கம்பி. அதிலும் மெல்லிய இடைவெளி. இரண்டுக்கும் எந்த இணைப்பும் இல்லை. அறையை இருட்டாக்கிவிட்டு உற்றுப் பார்த்தார். வளையத்திலும் குட்டித் தீப்பொறி!

துத்தநாகத் தகட்டைச் சுவரில் பொருத்தி, அலை மோதித் திரும்புவதையும் கண்டார். பொறி வலுக்கும் இடங்களையும் மறையும் இடங்களையும் அளந்து, அலைநீளத்தைக் கணக்கிட்டார். மேக்ஸ்வெல் சொன்னது சரி என்பது 1888-ல் உறுதியானது.

இந்த அலைகளால் நடைமுறைப் பயன் உண்டு என்று ஹெர்ட்ஸ் நினைக்கவில்லையாம். நோய்வாய்ப்பட்டு, 1894 ஜனவரி 1-ல் பான் நகரில், 36 வயதிலேயே காலமானார். அடுத்த 5 ஆண்டுகளில், 1899-ல், மார்க்கோனி கம்பியே இல்லாமல் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிச் செய்தி அனுப்பினார். இன்றைய செல்போனும் தொலைக்காட்சியும் ‘வை-பை’யும் அதே குடும்பத்து அலைகளில்தான் இயங்குகின்றன.

நொடிக்கு ஒரு அதிர்வு என்றால் 1 ஹெர்ட்ஸ். 100 மெகா ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 10 கோடி அதிர்வுகள்! அடுத்த முறை வானொலியில் அந்தப் பெயரைக் கேட்கும்போது, இருட்டறையில் குட்டிப் பொறியைத் தேடிய அவரை நினைத்துக்கொள்ளுங்கள்.