முத்திரை குத்த மறுத்தவர்

உன் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று யாரோ சொல்ல, மகனைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வேலைக்கு அனுப்பிய தகப்பன்மார் எத்தனை பேர்! அந்தத் தீர்ப்பை எதிர்த்த ஒருவரின் வரலாறு இது. அறிவை அளக்கும் கோலை உலகுக்குத் தந்தவரும் அவரே!

ஆல்பிரட் பினே 1857-இல் நீஸ் நகரில் பிறந்தார். சட்டம் பயின்றார், மனம் அதில் நிற்கவில்லை. பாரிசு தேசிய நூலகத்தில் அமர்ந்து உளநூலைத் தாமே கற்றார். பேரறிஞர் சார்க்கோவின் மருத்துவமனையில் சேர்ந்து, அறிதுயிலில் ஆழ்ந்தவரைக் காந்தத்தால் மாற்றலாம் என்று எழுதினார். அது பிழை எனப் பிறர் காட்டியபோது ஒப்புக்கொண்டார். பின்னர், பெரிய தலையில் பெரிய அறிவு என்ற கொள்கையைச் சோதிக்கப் பள்ளிச் சிறுவரின் தலைகளை அளந்தார். வேறுபாடோ மிகச் சொற்பம்! தம் கையே தம்மை ஏமாற்றுகிறதோ என்று ஐயுற்று, அந்தக் கோலையும் கீழே வைத்தார்.

பிறகு தம் இரு மகள்களையே ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஒரே வீடு, ஒரே உணவு. ஆனால் ஒருத்தி உற்று நோக்குபவள், மற்றவள் கற்பனையில் மிதப்பவள். அந்த ஆராய்ச்சி 1903-இல் நூலாயிற்று.

1904-இல் பிரெஞ்சு அரசு அமைத்த குழுவில் அவர் இடம்பெற்றார். பின்தங்கிய பிள்ளைகளைக் கண்டறிந்து உதவ, சிமோன் என்ற மருத்துவருடன் 1905-இல் 30 சோதனைகள் கொண்ட அளவுகோலை வகுத்தார். விலக்குவதற்கன்று, கைதூக்கி விடுவதற்கு! அறிவு மாறாத அளவு என்பதை 1909-இல் நூலெழுதி மறுத்தார். கவனத்தையும் நினைவையும் பயிற்சியால் வளர்க்கலாம் என்றார். 1911-இல், 54 வயதில் மறைந்தார்.

அவர் கோல் அமெரிக்காவில் தடியாயிற்று! வர்ஜீனியாவில் காரி பக் என்ற ஏழைப் பெண்ணுக்கு, அக்கோலின் திருத்திய வடிவத்தால் ஒன்பது வயது மூளை என்று முத்திரை குத்தினர். அவருக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய 1927-இல் உச்ச நீதிமன்றமே அனுமதித்தது. அந்தப் பெண்ணோ பின்னாளில் செய்தித்தாள் படித்து வாழ்ந்தவர்!

பிழை எங்கே? ஆலையில் ஆயிரம் பேரை நிறுத்திப் பாருங்கள். உயரம் மிக்கவர் பெரும்பாலும் எடையும் மிக்கவராயிருப்பர். அதற்காக, வளர்ந்த மனிதன் ஒருவன் எடை கூடினால் உயரமும் கூடுமா? கூட்டத்தை ஒருநாள் அளந்து கண்ட கணக்கு, கூட்டத்துக்கே பொருந்தும். ஒரு மனிதன் காலப்போக்கில் எப்படி மாறுவான் என்பதை அது தானாகச் சொல்லாது. அதை அறிய, அந்த ஒருவனையே பலநாள் தொடர்ந்து பார்க்கவேண்டும். 2004-இல் பீட்டர் மோலெனார் என்ற அறிஞர் கணித வழியில் இதையே வலியுறுத்தினார். பினே தம் மகள்களைத் தொடர்ந்து கவனித்ததும் அந்த வழியே!

தோழனே, நாளை மதிப்பெண் அட்டை வரும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு உன் மகனை ஒப்பிடாதே. போன ஆண்டு அவனுக்கு என்ன தெரியும், இந்த ஆண்டு என்ன தெரியும் என்று பார். அதன் பிறகு முடிவு செய்!